ஏ5 எங்கே போகிறது?

கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு பக்கம் நீளமான கனெக்டர், மறுபக்கம் ஒன்பது பின் சாக்கெட். மேலே ஒரு காலத்தில் லேபிள் இருந்திருக்கிறது. இப்போது காய்ந்த பசைதான் மிச்சம். 1980களின் வீட்டுக் கணினிகளைச் சேர்த்து வைப்பவர்களிடம் இப்படி ஒன்றாவது இருக்கும். ஏதோ ஒரு கணினிக்குப் பின்னால் செருகுவது என்பதைத் தவிர அதைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. ஜாய்ஸ்டிக்குக்கா, பிரின்டருக்கா? எந்தக் கணினிக்கு? செய்தது யார்?

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரமே கொடுக்காமல், பெட்டியைத் திறந்து செம்புத் தடங்களைப் படித்தே பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவர்களின் திறமையை வெறும் ரிப்பேர் வேலையில் சேர்க்க எனக்கு மனம் வராது. அது ஒரு வாசிப்பு. கச்சேரியில் ஆலாபனை தொடங்கிய சில நொடிகளில் பக்கத்து இருக்கைக்காரர் ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறாரே, அவர் ஆரோகண அவரோகணத்தை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்? ஒரு பிடி காதில் விழுகிறது, போதும். பெயரில்லாத போர்டுக்கும் அப்படி ஒரு பிடி உண்டு. பலர் அதைப் போர்டின் நடுவே இருக்கும் பெரிய சிப்பில் தேடுகிறார்கள். அது இருப்பது ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் 14 பின் லாஜிக் சிப்புகளில்.

இந்த வாசிப்புக்கு மிக வளமான நிலம் பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் வந்தது. 16கே மாடல் 125 பவுண்டு, 48கே மாடல் 175 பவுண்டு. விலையைக் குறைக்க எதையெல்லாம் விட முடியுமோ அதையெல்லாம் சிங்க்ளேர் நிறுவனம் விட்டுவிட்டது. ஜாய்ஸ்டிக் சாக்கெட் கிடையாது, பிரின்டர் போர்ட் கிடையாது. டிவிக்கு ஒரு துளை, டேப் ரெக்கார்டருக்கு இரண்டு, மின்சாரத்துக்கு ஒன்று. இவற்றோடு பின்பக்கம் அகலமான ஒரு வெட்டு. அதன் வழியே உள்ளிருக்கும் போர்டின் விளிம்பே வெளியே தெரியும். பக்கத்துக்கு 28 இடங்கள், மேலும் கீழும். இசட்80 சிப்பின் 16 அட்ரஸ் கம்பிகளும் எட்டு டேட்டா கம்பிகளும் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் அங்கே வந்து நிற்கும். ஹார்டுவேரை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாஸர். அவர் விட்டுவைத்த அந்தத் திறப்பின் வழியாக ஒரு தொழிலே நுழைந்தது. ஜாய்ஸ்டிக், பிரின்டர், பேச்சு, டிரம், மவுஸ், டிஸ்க் என்று பத்திரிகை விளம்பரம் போட்டுத் தபாலில் விற்ற சின்னக் கம்பெனிகள் எத்தனையோ. அவற்றில் பல, சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. பெட்டிகள் மட்டும் தங்கிவிட்டன.

முதல் வேலை கனெக்டரை எண்ணுவது. பக்கத்துக்கு 28 என்றால் ஸ்பெக்ட்ரம், 23 என்றால் அதற்கு முந்தைய இசட்எக்ஸ்81. பக்கத்துக்கு 22, இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்றால் காமடோர் 64இன் கார்ட்ரிட்ஜ் வாய். அதே 22, ஆனால் இடைவெளி 3.96 மில்லிமீட்டர் என்றால் விக்-20. இதுவரை சுலபம். 50 பின் வந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும். ஆப்பிள் 2, எம்எஸ்எக்ஸ், ஆம்ஸ்ட்ராட் சிபிசி மூன்றுக்கும் 50தான். அங்கே எண்ணிக்கை உதவாது, கிரவுண்டைத் தேட வேண்டும். போர்டில் இருக்கும் ஏதாவது ஒரு 14 பின் டிடிஎல் சிப்பை எடுத்துக்கொண்டால், அநேகமாக எப்போதும் 7ஆம் பின் கிரவுண்ட், 14ஆம் பின் 5 வோல்ட். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, அந்த இரண்டு பின்னும் கனெக்டரில் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்தால் போதும். மூன்று கணினிகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் கிரவுண்டை வைத்திருக்கின்றன.

சிங்க்ளேர் கணினிகளின் கனெக்டரில் இன்னொரு அழகு இருக்கிறது. இசட்80 சிப்பின் பின் வரிசை பார்ப்பதற்கே விநோதமானது. டேட்டா கம்பிகள் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று ஒழுங்காக வராது. 7ஆம் பின் டி4, 8 டி3, 9 டி5, 10 டி6, 11இல் 5 வோல்ட் குறுக்கிட்டு, 12 டி2. இப்போது ஸ்பெக்ட்ரத்தின் எட்ஜ் கனெக்டரின் மேற்பக்கத்தைப் பாருங்கள்: டி2, டி6, டி5, டி3, டி4. அதே கலைந்த வரிசை, பின்னிருந்து முன்னாக. அதை அடுத்து இன்டரப்ட், என்எம்ஐ, ஹால்ட், எம்ரெக், ஐஓரெக், ரீட், ரைட் என்று ஏழு. இவை இசட்80இன் 16 முதல் 22 வரையிலான பின்கள், ஒன்றுகூட இடம் மாறாமல். இசட்எக்ஸ்81இல் இது இன்னும் சுத்தம்: 16ஆம் பின்னிலிருந்து 28ஆம் பின் வரை பதின்மூன்று கம்பிகளும் வரிசை குலையாமல் விளிம்புக்கு வந்துவிடுகின்றன. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு ஒரு இணைப்பு முறையை வகுக்கவில்லை. சிப்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்கே தாண்டாமல் எப்படித் தடம் இழுக்க முடியுமோ அப்படி இழுத்தார்கள், அதுவே முறையாகிவிட்டது. பெயர் தெரியாத ஒரு போர்டில் டேட்டா கம்பிகள் இந்தக் கலைந்த ஒழுங்கில் வந்து நிற்பதைப் பார்த்தால், பெட்டி உடைந்து கனெக்டர் பாதி போயிருந்தாலும், இது சிங்க்ளேர் குடும்பம் என்று துணிந்து சொல்லலாம்.

கனெக்டருக்குள் ஒரு இடத்தில் தடுப்புத் துண்டு இருக்கும், தவறாகச் செருகாமல் இருக்க. ஸ்பெக்ட்ரத்தில் ஐந்தாவது இடம், இசட்எக்ஸ்81இல் மூன்றாவது. பழைய பெட்டிகள் பலவற்றில் அந்தத் துண்டு விழுந்துபோயிருக்கும். ஸ்பெக்ட்ரத்தின் கீழ்ப்பக்கத்தில் 5 வோல்ட்டுக்கு அடுத்த பட்டையில் 9 வோல்ட். ஓர் இடம் தள்ளிச் செருகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. "செருகித்தான் பார்ப்போமே" என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. நாற்பது வயது தாண்டிய கணினியைப் பணயம் வைத்துக் கிடைக்கும் பதிலை மல்டிமீட்டரின் பீப் இலவசமாகத் தரும்.

இனி அந்தச் சின்னச் சிப்புகள். இசட்80 வெளியுலகத்தோடு பேசுவது போர்ட் எண்கள் மூலம். ஏ0 முதல் ஏ7 வரை எட்டு அட்ரஸ் கம்பிகள், ஆகவே 256 எண்கள். ஒவ்வொரு எண்ணையும் முழுதாகப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடுதல் சிப்புகள் வேண்டும், சிப்புக்குக் காசு வேண்டும். சிங்க்ளேர் எடுத்த குறுக்குவழி எளிமையானது: ஒரு கருவிக்கு ஒரு கம்பி. ஏ0 பூஜ்யமானால் யுஎல்ஏ சிப் காது கொடுக்கும். கீபோர்டு, பார்டர் நிறம், ஸ்பீக்கர், டேப் எல்லாம் அதில் அடக்கம். 254 என்று புத்தகங்களில் எழுதியிருந்தாலும் எந்த இரட்டைப்படை எண்ணுக்கும் அது பதில் சொல்லும். ஏ2 பூஜ்யமானால் இசட்எக்ஸ் பிரின்டர். ஏ3, ஏ4 இரண்டும் மைக்ரோடிரைவை இயக்கும் இன்டர்ஃபேஸ் 1க்கு. வெளியார் பிழைக்க மிஞ்சியவை ஏ5, ஏ6, ஏ7.

வெளியாரில் பெரும்பாலோர் இந்த மூன்று கம்பிகளுக்குள்தான் வாழ்ந்தார்கள். கெம்ப்ஸ்டன் கம்பெனியின் ஜாய்ஸ்டிக் போர்ட் 31. இருமத்தில் எழுதினால் ஏ5, ஏ6, ஏ7 மூன்றும் பூஜ்யம், கீழே உள்ள ஐந்தும் ஒன்று. ஃபுல்லர் பெட்டியின் ஜாய்ஸ்டிக் 127. ஏ7 மட்டும் பூஜ்யம். அதே ஃபுல்லரின் ஒலிச் சிப் 63இலும் 95இலும். முதலாவதில் ஏ7, ஏ6 பூஜ்யம், இரண்டாவதில் ஏ7, ஏ5. சீட்டா கம்பெனியின் ஸ்பெக்டிரம் டிரம் பெட்டி 223, ஏ5 மட்டும். ஆகவே பெயரில்லாத போர்டு கையில் வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, ஏ5 எங்கே போகிறது? அடுத்தது, ஏ6உம் ஏ7உம் கூட வருகின்றனவா, இல்லை கனெக்டரிலேயே தொடர்பற்று நின்றுவிடுகின்றனவா?

மலிவான ஜாய்ஸ்டிக் பெட்டி ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். உள்ளே இரண்டே சிப். ஒன்று 74எல்எஸ்32, நான்கு ஆர் கேட்கள் கொண்டது. அதில் இரண்டுதான் பயன்பட்டிருக்கின்றன. முதல் கேட்டில் ஏ5உம் ஐஓரெக்கும் நுழைகின்றன. அதன் வெளியீடும் ரீட் கம்பியும் இரண்டாவது கேட்டில் நுழைகின்றன. மூன்றும் பூஜ்யமானால்தான் கடைசி வெளியீடு பூஜ்யமாகும். அது போய் அடுத்த சிப்பைத் திறக்கிறது. இதிலே என்னை மயக்குவது இல்லாத ஒன்று. இசட்80 இன்டரப்டை ஏற்கும்போதும் ஐஓரெக் கீழே இறங்கும். அந்த நேரத்தில் பெட்டி வாய் திறந்துவிடக் கூடாது. கவனமாக வடிவமைப்பவர் எம்1 கம்பியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். ஆனால் அந்த நேரத்தில் ரீட் கம்பி மேலேயே நிற்கும். ரீட் ஏற்கெனவே கேட்டில் இருப்பதால் எம்1 தேவையில்லை. ஒரு கேட் மிச்சம், ஒரு தடம் மிச்சம், வேலையில் குறையில்லை. இதைப் போட்டவருக்கு இசட்80 தலைகீழ்ப் பாடம்.

இரண்டாவது சிப் இன்னும் அதிகம் பேசும். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் சுவிட்ச் கிரவுண்டைத் தொடும், அதாவது பூஜ்யம். கெம்ப்ஸ்டன் முறையில் கணினிக்குத் தெரிய வேண்டியது ஒன்று: வலது 1, இடது 2, கீழே 4, மேலே 8, சுடுவது 16. ஆகவே நடுவில் தலைகீழாக்கும் பஃபர் தேவை. சிப்பின் மேல் 74எல்எஸ்240 என்று இருந்தால் அது தலைகீழாக்குவது. கெம்ப்ஸ்டன் என்று முக்கால்வாசி முடிவாகிவிட்டது. 74எல்எஸ்244 என்றால் உள்ளதை உள்ளபடி அனுப்புவது. அப்போது ஃபுல்லர் வகையை நினைக்க வேண்டும், உடனே ஏ7ஐப் பார்க்க வேண்டும். எண்ணில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். அதில் இரண்டு கம்பெனிகளின் இரண்டு மரபுகள் பிரிந்து நிற்கின்றன.

மேல்பாதி அட்ரஸ் கம்பிகள் வந்தால் கதை வேறு. ஏ5ஓடு ஏ8உம் ஏ10உம் வந்தால் அது கெம்ப்ஸ்டன் மவுஸ். பொத்தான்கள் 64223, கிடைமட்டம் 64479, செங்குத்து 65503. மூன்றையும் பிரித்துக் காட்ட அந்த இரண்டு கம்பிகள் போதும். ஜாய்ஸ்டிக் பெட்டியில் ஏ0ஓடு ஏ12 வந்தால் அது கீபோர்டு வேடம் போடுகிறது: 6 முதல் 0 வரையிலான சாவிகளின் வரிசைக்குரிய கம்பி அது, சிங்க்ளேரின் இன்டர்ஃபேஸ் 2 பயன்படுத்தும் முறை. ஒரே ஜாய்ஸ்டிக், ஆனால் ஏ11, ஏ12 இரண்டும் வருகின்றன என்றால், 5, 6, 7, 8 என்ற அம்புக்குறிச் சாவிகளைப் பாவனை செய்யும் கர்சர் முறை. 5 ஒரு வரிசையிலும் மற்ற மூன்றும் அடுத்த வரிசையிலும் இருப்பதால்தான் இரண்டு கம்பிகள். கீபோர்டில் விரல் வைக்கும் இடம் ஒரு செம்புத் தடமாக வந்து நிற்கிறது. இதை முதன்முறை புரிந்துகொள்பவர் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்ப்பதற்காகவே நான் இதை மெதுவாக விளக்குவேன்.

பெரிய சிப்புகளைக் குறைத்துப் பேசிவிட்டேனோ என்று தோன்றலாம். அவையும் பேசும்; ஆனால் 8255 சிப் இருக்கிறது என்பதால் ஒன்றும் முடிவாகாது. அது 24 கம்பிகளை உள்ளே வெளியே விடும் பொதுவான சிப், பிரின்டருக்கும் போடலாம், ரோபோ கைக்கும் போடலாம். பக்கத்தில் கிறிஸ்டல் இருக்கிறதா என்று பார்ப்பேன். உலோகக் கூட்டில் அச்சிட்ட எண் பொய் சொல்லாது. 1.8432 மெகாஹெர்ட்ஸ் என்றால் சீரியல் போர்ட்: 192ஆல் வகுத்தால் 9600, மீதியில்லை. 6850 சிப்புக்குப் பக்கத்தில் 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் மிடி: 64ஆல் வகுத்தால் 31,250, இசைக் கருவிகள் பேசும் வேகம் அதுதான்; ஐந்து பின் வட்ட சாக்கெட்டும் ஒரு ஆப்டோ கப்ளரும் கட்டாயம் பக்கத்தில் இருக்கும். 32.768 கிலோஹெர்ட்ஸ் கடிகாரம். இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. 8 மெகாஹெர்ட்ஸ், 28 பின் சிப்போடு என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 1770 அல்லது 1772 ஃப்ளாப்பி கன்ட்ரோலராக இருக்க வாய்ப்பு அதிகம். 3.12 மெகாஹெர்ட்ஸ் என்றால் எஸ்பி0256 பேச்சுச் சிப்பை நினைக்கலாம். 4.433619 ஐரோப்பியக் கலர் டிவிக்கானது.

ஒன்பது பின் சாக்கெட்டை மட்டும் நம்பவே கூடாது. அடாரி முறை ஜாய்ஸ்டிக்கும் அதுதான், இன்டர்ஃபேஸ் 1இன் ஆர்எஸ்232உம் அதுதான். 1986இல் ஆம்ஸ்ட்ராட் வெளியிட்ட ஸ்பெக்ட்ரம் பிளஸ்2இல் அதே வடிவ சாக்கெட்டைப் போட்டுவிட்டு, உள்ளே கம்பிகளை வேறு வரிசையில் வைத்தார்கள். பிறருடைய ஜாய்ஸ்டிக் அதில் வேலை செய்யாது. இந்த மாதிரி வேலையை என்னால் மன்னிக்க முடிவதில்லை. சாக்கெட்டுக்குப் பின்னால் 1488, 1489 சிப்புகள் இருந்தால் அது ஆர்எஸ்232. மேக்ஸ்232 இருந்தால் அதே வேலை, போர்டு 1987க்கு முந்தியது ஆகாது என்பது கூடுதல் லாபம்.

காலம் சொல்ல இன்னும் நேரடியான வழி, சிப்பில் அச்சிட்ட நாலு இலக்கம். 8347 என்றால் 1983ஆம் ஆண்டின் 47ஆம் வாரம். ஒரு போர்டில் உள்ள எல்லாச் சிப்புகளையும் பார்த்து, அவற்றில் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். போர்டு அதற்குப் பிறகுதான் பிறந்திருக்கும். பிற்காலத்தில் சாக்கெட்டில் மாற்றிப்போட்ட சிப் ஏமாற்றலாம், ஆகையால் சாலிடர் செய்த சிப்பையே நம்புவேன்.

சில கம்பெனிகள் மற்றவர்கள் காப்பியடிக்காமல் இருக்க சிப்பின் தலையைத் தேய்த்து எண்ணை அழித்துவிடும். இங்கேதான் ரசிகனுக்கு நல்ல வேட்டை. எண்ணைத் தேய்க்கலாம், மின்சாரம் நுழையும் பின்னைத் தேய்க்க முடியாது. 40 பின் சிப்பில் 7 கிரவுண்ட், 26இல் 5 வோல்ட் என்றால் 8255. 26இல் 5 வோல்ட், ஆனால் 11 கிரவுண்ட் என்றால் இசட்80 பிஐஓ. 1 கிரவுண்ட், 20இல் 5 வோல்ட் என்றால் 6821ஆகவோ 6522ஆகவோ இருக்கலாம். இரண்டுக்கும் அது பொது. அப்போது ரிஜிஸ்டரைத் தேர்ந்தெடுக்க எத்தனை அட்ரஸ் கம்பிகள் நுழைகின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டென்றால் 6821, நான்கென்றால் 6522. 20 கிரவுண்ட், 21இல் 5 வோல்ட், கூடவே 40இல் 12 வோல்ட் என்றால் ஃப்ளாப்பி கன்ட்ரோலர் 1793 வகை. சோவியத் நாட்டுப் பொறியாளர்கள் இதே சிப்பைத் தங்கள் பெயரில் செய்து, ஸ்பெக்ட்ரம் நகல்களில் பீட்டா டிஸ்க் முறையை வாழவைத்தார்கள்.

ஈபிராம் இருக்கும் போர்டு கிடைத்தால் அதைப் புதையல் என்றே சொல்வேன். கண்ணாடி ஜன்னலுக்கு மேலுள்ள ஸ்டிக்கரைப் பிய்க்கவே கூடாது. வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது மெல்ல அழியும். முதலில் படித்துச் சேமித்துவிட வேண்டும். பிறகு பைட்டுகளைப் பார்த்தால் கணினியின் இனம் தெரியும். தொடக்கத்தில் ஏ, பி என்ற இரண்டு எழுத்துகள் என்றால் எம்எஸ்எக்ஸ் கார்ட்ரிட்ஜ். சிடி, சி9, சி3 அடிக்கடி வந்தால் இசட்80இன் கால், ரிட்டர்ன், ஜம்ப் கட்டளைகள். 20, 60, 4சி என்று வந்தால் 6502. இதில் ஒரு பொறி இருக்கிறது. காமடோர் 64இன் கார்ட்ரிட்ஜ் தானாக இயங்க, நாலு பைட் தள்ளி சிபிஎம்80 என்ற முத்திரை வேண்டும். அந்த மூன்று எழுத்துகளும் மேல் பிட் ஏற்றப்பட்டு சி3, சி2, சிடி என்று இருக்கும். அவற்றில் சி3உம் சிடியும் இசட்80இன் ஜம்ப்பும் காலும். அவசரக்காரர் அங்கே தடுக்கி விழுவார். பக்கத்திலேயே 38, 30 இருப்பதைப் பார்க்கிறவர் தப்பிப்பார்.

ஸ்பெக்ட்ரத்தில் ஈபிராம் இருந்தால் ரோம்சிஎஸ் என்ற கம்பியையும் தேட வேண்டும். அதை மேலே இழுத்தால் கணினியின் சொந்த ரோம் வாய்மூடிவிடும், பெட்டியின் ரோம் அந்த இடத்தில் உட்காரும். எப்போது உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில்தான் கலை. இன்டர்ஃபேஸ் 1 அட்ரஸ் 8ஐக் கவனித்துக்கொண்டே இருக்கும். பேசிக்கில் பிழை வந்தால் கணினி செல்லும் இடம் அது. மைக்ரோடிரைவ் கட்டளையை ஸ்பெக்ட்ரத்தின் ரோமுக்குப் புரியாது, பிழை என்று 8க்குப் போகும். அந்தக் கணத்தில் இன்டர்ஃபேஸ் 1 தன் ரோமை நுழைத்து, "இது எனக்குப் புரியும்" என்று எடுத்துக்கொள்ளும். கணினியின் அறியாமையையே வாசலாக மாற்றிய வடிவமைப்பு. அந்தக் கால ஹார்டுவேரில் இதற்கு இணையாக நான் வியந்தது குறைவு. பதினாறு அட்ரஸ் கம்பிகளும் எம்1உம் எம்ரெக்கும் ஒரு கேட் கூட்டத்துக்குள் ஓடுவதைப் பார்த்தால் இந்த வகை என்று புரிந்துகொள்ளலாம். கூடவே பெட்டிக்கு வெளியே ஒரு பொத்தான், அது என்எம்ஐக்குப் போகிறது, ஈபிராமுக்குப் பக்கத்தில் ஒரு ராம் சிப் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை அப்படியே நிறுத்திச் சேமிக்கும் பெட்டி. ரொமான்டிக் ரோபாட் கம்பெனியின் மல்ட்டிஃபேஸ் அதில் புகழ்பெற்றது.

பிபிசி மைக்ரோவுக்கு வந்தால் காற்றே வேறு. ஏகார்ன் நிறுவனம் எல்லாவற்றையும் திட்டமிட்டு ஒதுக்கியது. கணினியின் வயிற்றுக்குக் கீழே வரிசையாக ரிப்பன் கேபிள் சாக்கெட்டுகள்: பிரின்டர் 26 பின், யூசர் போர்ட் 20, டியூப் 40. டிஸ்க் டிரைவும் ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸும் மட்டும் இரண்டுமே 34 பின். கேபிளைப் பார்த்து ஏமாறக்கூடிய ஒரே இடம் அது. பஸ்ஸில் அட்ரஸ்கள் முன்கூட்டியே பங்கிடப்பட்டிருந்தன. எஃப்சி10 டெலிடெக்ஸ்ட், எஃப்சி20 ஆய்வுக்கூடக் கருவிகளின் ஐஇஇஇ 488, எஃப்சி40 வின்செஸ்டர் டிஸ்க். போர்டு எந்த அட்ரஸைக் கேட்கிறது என்று கண்டுபிடித்தால் அட்டவணையே பெயரைச் சொல்லிவிடும். 1984இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது பிபிசி மைக்ரோதான். ஆகவே இங்கே பழைய பள்ளிச் சாமான்களுக்கு நடுவே 34 பின் ரிப்பன் தொங்கும் போர்டு கிடைத்தால் அந்த அட்டவணையில் தொடங்குவது உத்தமம். ஏகார்னின் ஒழுங்கே சரியான பொறியியல், சந்தேகமில்லை. ஆனாலும் வாசிப்பின் சுகம் எனக்குச் சிங்க்ளேர் பக்கம்தான் அதிகம். அங்கே ஒவ்வொரு கம்பெனியும் மூன்று கம்பிகளுக்குள் தன் புத்தியைக் காட்ட வேண்டியிருந்தது.

தடங்களின் அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணினியில் வரையாமல், ஒளிபுகும் தாளில் கறுப்பு டேப் ஒட்டிச் செய்த போர்டுகளில் தடங்கள் வளைந்து ஓடும். ஒரே ஆள் ஒட்டிய இரண்டு போர்டுகளைப் பக்கத்தில் வைத்தால் வளைவுகளின் பழக்கம் ஒன்றுபோல இருக்கும். மூலையை எப்படித் திருப்புகிறார், கெபாசிட்டரை எங்கே ஒதுக்குகிறார் என்பதெல்லாம் கையெழுத்து. பெயருள்ள ஒரு போர்டோடு இப்படி ஒப்பிட்டே பெயரில்லாத போர்டின் கம்பெனியைச் சொல்லிவிடும் சேகரிப்பாளர்கள் உண்டு. இது ஆதாரமாகாது, ஆனால் எங்கே தேடுவது என்று சொல்லும்.

இத்தனை பார்த்தும் பெயர் கிடைக்காத போர்டுகள் இருக்கின்றன. வீரோபோர்டில், துரப்பணத்தால் தடத்தை அறுத்து, வண்ணக் கம்பிகளால் பின்னியவை. எலக்ட்ரானிக்ஸ் டுடே இன்டர்நேஷனல், எவ்ரிடே எலக்ட்ரானிக்ஸ் போன்று பிரிட்டனில் வெளிவந்த பத்திரிகைகள் இத்தகைய இன்டர்ஃபேஸ்களின் சர்க்யூட்டுகளை வெளியிட்டன. வாசகர்கள் வீட்டில் செய்தார்கள், தங்கள் தேவைக்கு மாற்றினார்கள். அப்படி ஒன்றில் ஃபெரான்டியின் இசட்என்427 சிப் இருந்தால், வெப்பத்தையோ வெளிச்சத்தையோ எண்ணாக்கும் கருவி அது. நாலு ரிலே இருந்தால் எதையோ இயக்கியிருக்கிறது. கம்பெனி இல்லை, மாடல் எண் இல்லை, அது ஒரே ஒரு பிரதி. இதுபோன்றதைக் குப்பை என்று ஒதுக்குபவர்களும், அதிலிருந்து சிப்பைக் கழற்றிக்கொள்பவர்களும் எனக்கு வருத்தம் தருகிறார்கள். விற்பனைக்கு வந்த கெம்ப்ஸ்டன் பெட்டி நிறையவே பிழைத்திருக்கிறது. இது போனால் போனதுதான்.

அதனால் இப்படிப்பட்ட போர்டுக்கு நான் முழு சர்க்யூட்டையும் வரைந்து, ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வைத்துவிடுவேன். பெயர் தெரியாததால் எண்களையே எழுத வேண்டும்: ஸ்பெக்ட்ரம், 28 இடம். எழுதுவது மட்டும், ஏ7 பூஜ்யமாகும் எல்லாப் போர்ட்டுகளும், 127ஐப் பயன்படுத்துக. பிட் 0 முதல் 3 வரை ரிலே 1 முதல் 4, ஒன்று என்றால் மூடும். ரிலேக்களுக்கு 9 வோல்ட் கனெக்டரிலிருந்தே. கடைசிச் சிப் 8512. தடுப்புத் துண்டு இல்லை, செருகும் முன் புதிதாகப் பொருத்தவும்.